நான் ஒளித்த நாற்பத்திரண்டு பெட்டிகள்

எங்கள் வகுப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று போன மாதம் கேள்விப்பட்டேன். கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண்தான் தொலைபேசியில் சொன்னாள்.

"விஜயா அக்கா, புது சிஸ்டம் வந்திருச்சு. எந்த ஆஸ்பத்திரியில எத்தனை பெட்டி இருக்குன்னு எல்லாருக்கும் ஒரே ஸ்கிரீன்ல தெரியுது. இனிமே ஆளுங்கள உக்கார வச்சு பாடம் நடத்த வேணாம்னு மேல சொல்றாங்க. நீங்க அந்த வகுப்பைப் பத்தி ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன். கடைசி நாள்ல படிக்கலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரியில் அடங்கவில்லை. அந்த வகுப்பை எடுத்தவர்களில் மிகப் பெரிய பொய்யைச் சொன்னவள் நான். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

நான் பிறந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை விற்றுச் செம்பனை நட்டபோது குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தோம். பள்ளி முடித்ததும் மருத்துவப் பொருள்களை வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சில வருடம் ரசீது எழுதினேன், சில வருடம் பெட்டி எண்ணினேன், கடைசியில் எந்தப் பொருள் எங்கே எப்போது போக வேண்டும் என்று திட்டமிடும் பிரிவுக்குப் பொறுப்பானேன்.

எங்கள் ஸ்டோரில் ஆயிரம் சாமான் இருந்தாலும் என் உறக்கத்தைக் கெடுத்தது ஒன்றுதான். சிறுநீரகம் கெட்டுப்போன சிலர் ஆஸ்பத்திரி இயந்திரத்துக்குப் போகாமல் வீட்டிலேயே வயிற்றுக் குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கிக் கொள்வார்கள். ஒரு நாளைக்கு நான்கு பை. ஒரு பெட்டியில் ஆறு பை. ஆக ஓர் ஆளுக்கு மாதம் இருபது பெட்டி. பை வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து கப்பலில் வரும். எங்கள் ஸ்டோரில் இறங்கும். ஆஸ்பத்திரிகள் தங்கள் நோயாளிகளுக்காக ஆர்டர் போடும். லோரி நேரே வீட்டில் கொண்டுபோய் இறக்கும். இதில் ஏதாவது ஓர் இடம் அடைத்துக்கொண்டால், கடைசியில் ஒருவர் உடம்பில் தண்ணீர் தேங்கும்.

எனக்கு மேலதிகாரி மிஸ்டர் ஃபூங். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் ஃபூங் தோட்டத்துத் தமிழை எங்களைப் போலவே பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சரக்கு எண்ணுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒரே வரிசையை இரண்டு பேர் எண்ண வேண்டும். ஒருவர் இந்த முனையிலிருந்து, மற்றவர் அந்த முனையிலிருந்து. ஒவ்வொரு பெட்டியையும் உள்ளங்கையால் தொட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதி மடித்து அவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு தாளையும் அவர் பிரித்துப் பார்ப்பார். ஒத்துப்போனால் தலையை அசைப்பார். ஒத்துப்போகாவிட்டால் யாரையும் ஒன்றும் சொல்லாமல், எழுந்து போய்த் தானே எண்ணிவிட்டு வருவார். திட்டு வாங்குவதே மேல் என்று எங்களுக்குத் தோன்றும்.

வகுப்பை ஆரம்பித்ததும் அவர்தான். ஆஸ்பத்திரித் தாதியர், ஸ்டோர்காரர்கள், லோரிக்காரர்கள், எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஒரு ஹோட்டல் அறையில் நான்கு மேசைகளில் உட்கார வைப்பார். ஒரு மேசை தொழிற்சாலை, ஒன்று ஸ்டோர், ஒன்று ஆஸ்பத்திரி, ஒன்று நோயாளி. மேசைக்கு மேசை பேசக் கூடாது. எத்தனை வேண்டும் என்று சீட்டு மட்டும் அனுப்பலாம். நோயாளி மேசை ஒரு வாரம் நான்குக்குப் பதிலாக எட்டு கேட்கும். ஆஸ்பத்திரி மேசை பயந்து பன்னிரண்டு கேட்கும். ஸ்டோர் மேசை அதற்குமேல் பயந்து இருபது கேட்கும். அரை மணி நேரத்தில் தொழிற்சாலை மேசையில் ஆட்கள் ஒருவரையொருவர் முறைத்துக் கொண்டிருப்பார்கள். பிறகு அதே ஆட்டத்தைப் பேசிக்கொண்டே ஆடச் சொல்வார். எல்லாம் சீராக ஓடும். எல்லாரும் சிரிப்பார்கள்.

கடைசியில் ஒரு ஆர்டர் தாளைக் கொடுப்பார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலைப்பு மலாயில் 'பெர்லு', தேவை. மற்றதன் தலைப்பு 'தாக்குட்', பயம்.

"எத்தனை வேணும்னு இங்க எழுது. பயத்துல எத்தனை கேக்குறன்னு அங்க எழுது," என்பார். "பயப்படாதேன்னு நான் சொல்லல. பயத்தைத் தேவைன்னு எழுதாதேன்னுதான் சொல்றேன்."

சில வருடங்களில் வகுப்பை என்னிடம் விட்டுவிட்டார். நான் நன்றாகவே நடத்தினேன் என்று சொல்லிக்கொள்வதில் கூச்சமில்லை. ஆனால் வகுப்பில் சிரித்துத் தலையாட்டிக் கறிபாப் பலகாரம் தின்றுவிட்டுப் போனவர்கள், மறுவாரம் பயக் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேவைக் கட்டத்தில் இரண்டு மடங்கு எழுதினார்கள். அதைப் பார்த்து நான் கோபப்படுவேன். அதே நாட்களில் என் ஸ்டோரின் பின்வரிசையில் நாற்பத்திரண்டு பெட்டிகள், 'அட்டை நசுங்கியது' என்ற சிவப்புச் சீட்டோடு அடுக்கியிருந்தன. அவற்றில் ஒன்றுகூட நசுங்கவில்லை.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முன்பு ஒரு தட்டுப்பாட்டில் ஒரு தாதி தொலைபேசியில் அழுததைக் கேட்டேன். கையில் ஒரு பெட்டிகூட இல்லாமல் அவளுக்குப் பதில் சொன்ன அந்த நிமிடம் எனக்கு மறுபடி வரக் கூடாது என்று முடிவு செய்தேன். நசுங்கியது என்று பதிந்தால் கம்ப்யூட்டர் அதை விற்பனைக்கு உள்ள கணக்கில் காட்டாது. ஃபூங்கின் எண்ணிக்கையிலும் அது தனி வரிசை, தொட்டு எண்ணுவதில் சேராது. தேதி முடியும் முன் பழைய பெட்டிகளை எடுத்து வெளியே அனுப்பிவிட்டு, புதியவற்றை அங்கே வைத்துச் சீட்டு ஒட்டுவேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நான் அதனிடம் சொன்ன பொய்யை அது எல்லாருக்கும் ஒழுங்காகக் காட்டியது.

கொரோனா அடங்கிய பிறகும் கப்பல்கள் ஒழுங்குக்கு வராத காலம் அது. ஒரு மாதம் எங்கள் சரக்கு வர வேண்டிய கப்பல் வேறொரு துறைமுகத்தில் நின்றுவிட்டது. பத்து நாள் தாமதம் என்றார்கள். பிறகு அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டோம் என்றார்கள். செய்தி ஒரு காலையிலேயே எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. மத்தியானத்துக்குள் ஆர்டர்கள் இரண்டு மடங்காக வந்து விழுந்தன.

இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பது என் வேலை. யார் எவ்வளவு கேட்டாலும் கேட்டதில் பாதி என்று தீர்மானித்தேன். அதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இரண்டு மடங்கு கேட்டவர்களுக்குப் பாதி கொடுத்தால் அவர்களுக்கு முழுசாகக் கிடைத்துவிடும். உள்ளதை உள்ளபடி கேட்டவருக்குத்தான் பாதி. அப்படிக் கேட்டது ஒரே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. என் வகுப்புக்கு வந்திருந்த ஒரு தாதி, பெர்லு இவ்வளவு, தாக்குட் பூஜ்யம் என்று எழுதி அனுப்பியிருந்தாள். அந்தத் தாளைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அதற்கும் பாதி என்று போட்டேன்.

அவளுடைய நோயாளிகளில் ஒருவர் பொன்னையா. ஐம்பது வயதுக்கு மேல். முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அப்போது ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை. மனைவி சரோஜாவோடு பழைய தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரு லயத்து வரிசை வீட்டில் இருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது அவர் எனக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். இருபது பெட்டிக்குப் பதில் பத்து இறங்கியபோது, "அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டிருக்கிறார். லோரி டிரைவர் "தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அவர் நான்கு பையை இரண்டாகக் குறைத்துக் கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாவது நாள் காலை பத்து மணிக்கு ஃபூங் எல்லாரையும் கம்பெனிக்கு வரச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டயாலிசிஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் கோமதி வந்தாள். மூன்று லோரி வைத்து எங்களுக்கு ஓட்டிய காதர் அண்ணன் வந்தார். இன்னும் நான்கைந்து பேர். எல்லாரும் ஒருவரையொருவர் வருடக்கணக்காகத் தெரிந்தவர்கள். அன்று யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஃபூங் தாளைக் கொடுத்தார். அன்று அதில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. 'அடா', இருக்கிறது.

"உங்க கையில இப்ப எத்தனை இருக்கு? எழுதுங்க," என்றார்.

யாரும் பேனாவை எடுக்கவில்லை. நான்தான் வாத்தியார் ஆயிற்றே. நானே ஆரம்பித்தேன்.

"கோமதி, உங்க பக்கம் எப்படி?"

"ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும் அக்கா."

"நெசமாவா?"

அவள் நிமிர்ந்தாள். "நான் என்ன பொய்யா சொல்றேன்? என் நோயாளிங்களுக்கு நீங்களா பதில் சொல்வீங்க?"

"காதர் அண்ணே?"

"என்கிட்ட என்னாம்மா இருக்கப் போவுது? நான் லோரிக்காரன். நீங்க ஏத்துறத இறக்குறவன்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருவருமே பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், நானும் அதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன். "இப்படி ஒளிச்சு வச்சா எப்படி? வகுப்புல என்ன படிச்சோம்?" என்றும் கேட்டேன். இன்னும் ஒரு நாள் பார்ப்போம், கப்பல் வந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று ஒரு பக்கம் மனம் கணக்குப் போட்டது.

அப்போதுதான் மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரித் தாதி. ஃபூங் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"விஜயா அக்கா இருக்காங்களா? என் நோயாளி பொன்னையாவ இப்பதான் எமர்ஜென்சியில சேர்த்திருக்கோம். உடம்பெல்லாம் வீங்கிப் போச்சு. மூச்சு விட முடியல. ஒம்பது நாளா ரெண்டு பைதான் போட்டிருக்காரு அக்கா. ஏன்யான்னு கேட்டா, மத்தவங்களுக்கும் வேணும்ல, அதான் மிச்சம் புடிச்சேன்னு சொல்றாரு. நான் சரியாத்தானே எழுதி அனுப்பினேன்? நீங்க சொன்ன மாதிரிதானே எழுதினேன்?"

அவள் குரலில் கோபமில்லை. உண்மையாகவே தான் எங்கே தப்புச் செய்தேன் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். பிறகு யாரோ அங்கே அவளைக் கூப்பிட, தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நான் எழுந்தேன் என்று ஞாபகம். முழங்கால் மேசையில் இடித்தது.

"என்கிட்ட நாப்பத்திரண்டு பெட்டி இருக்கு," என்றேன். "பின்வரிசையில. நசுங்கினதுன்னு சீட்டு ஒட்டியிருக்கேன். நசுங்கல."

கோமதிக்குத்தான் முதலில் புரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எத்தனை வருஷமா எங்கள உக்கார வச்சு உண்மை சொல்லு, உண்மை சொல்லுன்னு பாடம் எடுத்தீங்க? கொஞ்சம் முன்னாடி என்னப் பாத்து நெசமாவான்னு கேட்டீங்களே! வெக்கமா இல்லையாக்கா?"

"இருக்கு," என்றேன்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனாள். கைப்பிடியில் கை வைத்தபடியே நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "எங்க பின்படிக்கட்டுக்குக் கீழே அறுபது இருக்கு. எங்க டாக்டருக்கே தெரியாது." அப்படியே சுவரோரம் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

காதர் அண்ணன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என் ஷெட்ல முப்பது. திரும்பி வந்த பெட்டிங்க. ரிட்டன் எழுதாம வச்சுக்கிட்டேன். என் மச்சானும் இந்தப் பைதாம்மா போடுறான். அவனுக்கு இல்லாமப் போயிருமோன்னு…"

மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஐந்து, எட்டு, பதினைந்து. ஃபூங் பென்சிலால் கூட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் கூட்டுத்தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். எங்கள் பேராக் மாநிலத்தில் அன்று தட்டுப்பாடே இல்லை. கப்பல் இன்னும் ஒரு வாரம் தாமதித்தாலும் எல்லாருக்கும் போதும்.

"இப்ப ஆஸ்பத்திரி பேரு வேணாம். ஆள் பேரு எழுதுங்க," என்றார்.

வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு நோயாளியின் பெயரையும், வீட்டில் எத்தனை பை மிச்சம் என்பதையும் எழுதினோம். தெரியாத வீடுகளுக்குத் தொலைபேசியில் கேட்டோம். பாரிட் புந்தாரில் ஓர் அம்மாளிடம் ஒரு நாளைக்கு மட்டுமே இருந்தது. தஞ்சோங் மாலிமில் ஒருவரிடம் ஐம்பது நாளைக்கு இருந்தது. ஐந்து பெட்டி தர முடியுமா என்று கேட்டதும், "வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, யாருக்கு முதலில் போக வேண்டும் என்று மருத்துவக் கணக்கைச் சொன்னாள். காதர் அண்ணன் மூன்று லோரிக்கும் பாதை போட்டார். வடக்கே போகும் வண்டியைத் தானே ஓட்டினார். நான்கு மணிக்குக் கடைசி லோரி வாசலைத் தாண்டியது. கப்பல் வந்து சேரும்வரை வேறு யாரும் ஒரு பைகூடக் குறைக்கவில்லை. என் வேலைக்காலத்திலேயே மிகச் சரியாக நடந்த பட்டுவாடா அதுதான்.

லோரிகள் போன பிறகு ஃபூங் என்னைப் பின்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டிகள் போய்விட்டன. கிழித்துப் போட்ட சிவப்புச் சீட்டுகள் தரையில் கிடந்தன. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். எண்ணினார்.

"நாப்பத்தொண்ணுதான் இருக்கு," என்றார்.

ஒன்று என் செருப்பில் ஒட்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"நான் இனிமே வகுப்பு எடுக்க மாட்டேன் பாஸ். எந்த முகத்த வச்சுக்கிட்டு எடுப்பேன்?"

"நிறுத்தினா உனக்கு லேசு," என்றார். "நீ செஞ்சத உன் கையால எழுது. எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பு. அடுத்த வகுப்புல அதை நீயே படி. அப்புறம் ஆட்டத்த ஆரம்பி."

எழுதினேன். எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினேன், பதவி உயர்வும் ஒன்று போனது. அடுத்த வகுப்பில் நின்று அதைப் படித்தபோது முன்வரிசையில் இருந்த ஓர் ஆள் எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்கள் இருந்தார்கள். அன்றுதான் முதல் தடவையாக, ஆட்டம் முடிந்து தாளை வாங்கியபோது, பயக் கட்டங்கள் காலியாக இல்லை. தேவை இருபது, பயம் பதினெட்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரோடு ஒரு மணி நேரம் பேச முடிந்தது. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது, எங்கள் பக்கம் எதைச் சரிசெய்தால் அது குறையும் என்று. ஒத்துழைப்பு என்று நான் அத்தனை வருடம் பலகையில் எழுதிய சொல்லுக்கு அதுதான் வேலை என்று அப்போதுதான் புரிந்தது. எந்த ஸ்கிரீனிலும் அந்தப் பதினெட்டு வராது. யாராவது ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

பொன்னையா பிழைத்துக்கொண்டார். கழுத்தில் குழாய் போட்டு இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு வாரம் வார்டில் இருந்தார். வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். போகச் சொன்னது யாருமில்லை. பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். சரோஜா வாங்கி வைத்துக்கொண்டு, உட்காரச் சொன்னார். முன்கூடத்தில் பெட்டிகளே இல்லை. வயிற்று வழி செய்வதை விட்டுவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போவதாகச் சொன்னார்கள். அத்தனை நாள் லீவு தர முடியாதென்று காவல் வேலையும் போய்விட்டது.

"வீட்டுலயே செய்யலாம்னு சிஸ்டரு இன்னும் சொல்றாங்க," என்றார் சரோஜா. "நான்தான் வேணாம்னுட்டேன். பெட்டி வரும் வரும்னு இனிமே வாசல பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

பொன்னையா எதிரே நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பாதி என்று பிரித்தது நான் என்பதை. அவர் பையைக் குறைத்துக்கொண்டிருந்த ஒன்பது நாளும் என் ஸ்டோரில் நாற்பத்திரண்டு பெட்டி இருந்தது என்பதை. சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொன்னையா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பெட்டிங்கள யாருக்குன்னு வச்சிருந்தீங்கம்மா?"

"யாருக்குன்னு இல்லண்ணே. யாருக்காச்சும் அவசரம்னா கொடுக்கலாம்னு."

"சரி," என்றார். குத்திக்காட்டும் எண்ணம் அவர் முகத்தில் இல்லை. தனக்கு விளங்காத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது போலத்தான் கேட்டார்.

"அப்ப என்னைய மாதிரி ஆளுக்குத்தான் வச்சிருந்தீங்க. என்கிட்ட ஏன் சொல்லல?"